கட்டுப்படியாகும் விலையில் நல்ல பியானோ

பியானோவின் மதிப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. வெளியே தெரிவது மெருகேற்றிய பலகையும், முகப்பில் பொன்னெழுத்தில் பொறித்த பெயரும்தான். உள்ளே 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 கம்பிகள் ஓடுகின்றன. அடிச்சுரங்களுக்குச் செம்பு சுற்றிய ஒற்றைக் கம்பி, அதற்கடுத்து இரண்டிரண்டு, மேலே போகப்போக மும்மூன்று. இவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை பதினெட்டு, இருபது டன் வரை போகும். அந்த இழுவையை இரவும் பகலும் தாங்கி நிற்பது ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். கம்பிகளின் முனைகள் சுற்றியிருக்கும் எஃகுப் பிருடைகளை இறுகப் பிடித்திருப்பது, பல அடுக்கு மரத்தை ஒட்டிச் செய்த கெட்டிப் பலகை. கம்பியின் அதிர்வு, அதைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு வழியாக ஸ்புரூஸ் மரத்தாலான ஒலிப்பலகைக்கு இறங்கி, அங்கிருந்து அறைக்குள் பரவுகிறது. கம்பியைத் தட்டும் சுத்தியின் தலையில் இறுக்கி அழுத்திய கம்பளி ஃபெல்ட் இருக்கிறது. சட்டம், பிருடைப் பலகை, குதிரை, ஒலிப்பலகை, சுத்தி ஆகிய ஐந்தும் நலமாக இருந்தால் ஐம்பது வயதுப் பியானோவும் நல்ல பியானோதான். இவற்றில் முதல் நான்கில் ஒன்று கெட்டுவிட்டால், அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பல சமயம் கருவியின் விலையையே தாண்டிவிடும்.

ஆகவே, குறைந்த விலை என்பதைச் சீட்டில் எழுதிய தொகையைக் கொண்டு மட்டும் கணக்கிட முடியாது. யமஹாவின் யூ1 என்ற நிமிர்ந்த பியானோ ஏறத்தாழ 228 கிலோ எடை. அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதற்குப் பழகிய ஆட்கள் நால்வராவது வேண்டும். லிப்டில் ஏறாவிட்டால் கூலி இன்னும் கூடும். வந்து இறங்கிய கருவி புது அறையின் காற்றுக்குப் பழகச் சில வாரம் எடுக்கும். அதன் பிறகு சுருதி சேர்க்க வேண்டும். முதல் ஆண்டில் மூன்று நான்கு முறையும் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையும் ட்யூனர் வர வேண்டியிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் பழைய பியானோ பெரும்பாலும் எல்லாவற்றையும்விட அதிகச் செலவு வைப்பது இதனால்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுக்கப்படும் பியானோக்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்குப் போக்குவரத்துச் செலவு செய்வதுகூட வீண்.

எந்த அளவுப் பியானோ வாங்குவது என்பதைப் பெயருக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கம்பி நீளமாக இருந்தால் அடிச்சுரம் தெளிவாக ஒலிக்கும். ஒலிப்பலகை அகலமாக இருந்தால் நாதம் நிறைவாக இருக்கும். நிமிர்ந்த பியானோக்களில் ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டிய குட்டைக் கருவிகளில் அடிச்சுரக் கம்பிகள் குறுகிப் பருத்து, சுரம் எது என்று காதுக்குப் பிடிபடாத அளவுக்கு மங்கலாக ஒலிக்கும். 120 செ.மீ. முதல் 131 செ.மீ. வரை உயரமுள்ளவை வேறு தரம். யூ1 121 செ.மீ., யூ3 131 செ.மீ. கிராண்ட் பியானோவில் ஒரு கட்டையை முழுக்க மேலே வரவிடாமலே மறுபடி அடிக்கலாம். செபாஸ்தியன் எரார் உருவாக்கி, 1821இல் உரிமம் பெறப்பட்ட பொறியமைப்பின் பயன் அது. உயர்நிலை மாணவருக்கு அந்த வசதி முக்கியம். ஆனால் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மலிவான கிராண்டைவிட 131 செ.மீ. நிமிர்ந்த பியானோவின் அடிச்சுரம் பெரும்பாலும் மேலானது. கூடத்தில் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகச் சிறிய கிராண்டை வாங்குவது, கேட்கும் கருவிக்குப் பார்வையை வைத்து விலை கொடுப்பதாகும்.

இந்த அளவில், இந்தத் தரத்தில், சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் ஜப்பானில் பயன்படுத்தப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்ட பியானோக்களே. இதற்குப் பின்னால் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. ஷிசுவோகா மாகாணத்தின் ஹமமட்சு நகரில் டொரகுசு யமஹா தொடங்கிய நிறுவனம் 1900இல் முதல் நிமிர்ந்த பியானோவைச் செய்தது. அதே நகரில் கொய்ச்சி கவாய் 1927இல் தம் பட்டறையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் நடுத்தர வர்க்கம் வளர்ந்தது. 1954இல் யமஹா தன் இசைவகுப்புகளைத் தொடங்கியது. பெண் குழந்தை உள்ள வீட்டில் பியானோ இருப்பது கௌரவம் என்ற நிலை வந்தது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நாட்டில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் தயாராயின. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போனார்கள். குழந்தைப் பிறப்பும் குறைந்தது. சில ஆண்டுகள் மட்டும் வாசிக்கப்பட்டு, பிறகு பல்லாண்டு துணி போர்த்தி வைக்கப்பட்ட லட்சக்கணக்கான கருவிகள் மிஞ்சின. அவற்றை வாங்கிச் சேர்த்துப் பழுதுபார்த்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அங்கே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. சீனாவும் தென்கிழக்காசிய நாடுகளும் அவற்றைப் பெருமளவில் வாங்கின. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் பியானோக்களில் பல இவ்வழியில் வந்தவையே.

இந்தக் கருவிகள் குறித்து ஒரு பழைய வழக்கு உண்டு. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த பியானோக்களின் மரம் அந்நாட்டின் ஈரக்காற்றுக்கு ஏற்பப் பதப்படுத்தப்பட்டது. வறண்ட நாடுகளில் அது சுருங்கி வெடிக்கக்கூடும் என்று அமெரிக்காவிலுள்ள யமஹா கிளை எச்சரித்துவந்தது. குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் அமெரிக்க வீட்டில் காற்று மிகவும் வறண்டுபோகும் என்பதால் அங்கே அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது. பல பியானோத் தொழிலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர நகரங்களில் இந்த அச்சத்துக்குப் பெரிய இடமில்லை. இங்கே தொல்லை வறட்சியால் வருவதில்லை, ஈரத்தால் வருகிறது. அவ்வகையில் கவாய் பியானோவுக்குக் கூடுதல் பலம் ஒன்று உண்டு. 1970களிலிருந்து அந்நிறுவனம் சுத்திப் பொறியின் சில உறுப்புகளை மரத்துக்குப் பதிலாக ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்கிறது. பிளாஸ்டிக் என்று கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் உப்பாத உறுப்பு என்பதால் நம் பக்கத்து வானிலைக்கு அது குறையே அல்ல.

புதிய பியானோவே வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. யமஹா தன் தொடக்கநிலைக் கருவிகளை இந்தோனேசியாவில் செய்கிறது. அங்கே தயாராகும் பி வரிசையில் பி1 109 செ.மீ., பி2 113 செ.மீ., பி3 121 செ.மீ. இவற்றில் பி3 நல்ல கருவி. பி1இன் அடிச்சுரத்திடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. சீனாவின் குவாங்சோ நகரில் 1956இல் தொடங்கிய பேர்ல் ரிவர் நிறுவனத்தின் கருவிகள் முன்பைவிட மிகவும் முன்னேறியிருக்கின்றன. இங்கே பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பழைய ஜெர்மானிய, அமெரிக்கப் பெயர்கள் பலவற்றை ஆசிய நிறுவனங்கள் வாங்கிவிட்டன. ரிட்முல்லர் என்ற பெயர் பேர்ல் ரிவரிடமும், நேப் என்ற பெயர் கொரியாவின் சாமிக்கிடமும், வெபர் என்ற பெயர் யங் சாங்கிடமும் உள்ளன. அந்தக் கருவிகள் மோசமானவை என்று இதற்குப் பொருளில்லை. முகப்பில் உள்ள ஜெர்மன் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே பொருள். ஸ்டைன்வே வடிவமைத்த பாஸ்டன் கருவிகளைச் செய்துகொடுப்பது கவாய். பெயரைக் காட்டிலும், எந்த ஆலையில் எந்த ஆண்டில் செய்தது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையே பயன்தரும். அந்த விடையைத் தருவது மேல்மூடியைத் திறந்தால் இரும்புச் சட்டத்தில் தெரியும் வரிசை எண். பெரிய நிறுவனங்களின் எண்களுக்கு ஆண்டுவாரிப் பட்டியல் உண்டு.

தமிழகத்திலும் இலங்கையிலும் இன்னொரு வகைப் பியானோ அடிக்கடி விற்பனைக்கு வரும். ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறி வந்த பிராட்வுட், சாப்பெல், காலர்ட் அண்ட் காலர்ட் போன்ற பிரிட்டிஷ் கருவிகள் அவை. சென்னையில் மியூசி மியூசிகல் கடையின் தொடக்கமே 1842 என்றால், பியானோ இந்த மண்ணுக்கு வந்து எத்தனை தலைமுறை ஆகிறது என்பது புரியும். மலைவாசத்தலப் பங்களாக்களிலும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும், பழைய தேவாலயக் கூடங்களிலும் இவை நிற்கின்றன. தேக்கும் மெழுகுவர்த்தித் தாங்கியும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பல, சுத்திகளுக்கு மேலே, ஒலியை அடக்கும் டேம்பர் வைத்த பழைய அமைப்பு. மேல்மூடியைத் திறந்தால் சுத்திகளுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள் வரிசையாகத் தொங்கும். பறவைக்கூண்டு என்றே அதற்குத் தொழிலில் பெயர். டேம்பர் கம்பியின் முனைக்கு அருகே தொடுவதால் கட்டையை விட்ட பிறகும் ஒலி அடங்காமல் இழையும். பிருடைப் பலகையும் நூறாண்டு வெயில், மழையில் தளர்ந்திருக்கும். இன்றைய சுருதிக்கு இழுத்தால் கம்பி அறுந்துவிடுமோ என்று ட்யூனர் கைவிரித்துவிடுவார். வரலாற்றுப் பொருளாக அதைக் காப்பாற்றுவது நல்ல காரியம். கற்கும் குழந்தைக்கு அதை வாங்கித் தரக் கூடாது. கட்டைமேல் யானைத்தந்தம் ஒட்டியிருந்தால் சட்டச் சிக்கலும் சேரும். இந்தியாவில் தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் கறுப்புக் கட்டை தொடங்கும் இடத்துக்கு அருகே மெல்லிய இணைப்புக் கோடும், மேலே மர ரேகை போன்ற வரிகளும் தெரிந்தால் அது தந்தமாக இருக்கலாம்.

விற்பனைக்கு இருக்கும் ஒரு கருவியைப் பரிசோதிக்க டார்ச் விளக்கும், ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் காட்டும் சுருதிக் கவையோ கைப்பேசிச் செயலியோ போதும். முதலில் வாசிக்கக் கூடாது, திறக்க வேண்டும். மேல்மூடியைத் தூக்கி, முன்பலகையைப் பிடித்திருக்கும் தாழ்களைத் திருகினால் அது கையோடு வந்துவிடும். கீழே பெடல்களுக்கு மேலுள்ள பலகையை ஒரு வில்தகடு பிடித்திருக்கும்; அதை மேலே அழுத்தினால் பலகை கழன்றுவிடும். விற்பவர் இதற்குத் தயங்கினால் அத்தோடு புறப்பட்டுவிடலாம்.

மேலே முதலில் சுத்திகளைப் பார்க்க வேண்டும். ஃபெல்ட்டின் முகத்தில் கம்பி பதிந்து உண்டான கோடுகள் இருக்கும். மெல்லிய கோடு இயல்பானது, தேய்த்துச் சீராக்கிவிடலாம். நடுப்பகுதிச் சுத்திகளின் முகம் உருண்டை போய்த் தட்டையாகி, கோடு பள்ளமாக இறங்கியிருந்தால் அந்தப் பியானோ ஏதோ ஒரு பள்ளியில் நாள் முழுக்க அடிபட்டிருக்கிறது. அடுத்து பிருடைகள். கம்பிச் சுருளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். சுருள் சட்டத்தைத் தொடும் அளவுக்குப் பிருடைகள் அடித்து இறக்கப்பட்டிருந்தாலோ, அவற்றைச் சுற்றி ஏதோ திரவம் ஊற்றிய கறை இருந்தாலோ, தளர்ந்த பலகையை யாரோ ஒப்பேற்றப் பார்த்திருக்கிறார் என்று அறியலாம். இது நாலு நாளில் சுருதி கலையும் பியானோ; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரும்புச் சட்டத்தில் முடியளவு விரிசல் தெரிந்தாலும் அதே முடிவுதான்.

கீழே குனிந்து டார்ச்சை அடித்தால் குதிரையும் ஒலிப்பலகையும் தெரியும். குதிரையில் ஆணிகளை இணைத்துக்கொண்டு ஓடும் வெடிப்பு பெரிய குறை. ஒலிப்பலகையில் ஒரு விரிசல் மட்டும் இருந்தால் அதற்காகவே கருவியைத் தள்ளிவிட வேண்டாம். பின்னாலுள்ள மரச் சட்டங்களிலிருந்து பலகை பெயர்ந்து அதிரும்போதுதான் சிக்கல். செம்பு சுற்றிய கம்பிகள் பச்சை பூத்திருக்கின்றனவா, எஃகுக் கம்பிகளில் துரு ஏறியிருக்கிறதா, அடிப்பலகை மூலையில் கரையான் மண்ணோ எலிக் கழிவோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்களில் ஃபெல்ட்டை அந்துப்பூச்சியும் எலியும் தின்பது மிகச் சாதாரணம்.

இதற்குப் பிறகே வாசிப்பு. தெரிந்த பாட்டை வாசித்தால் காது ஏமாறும். இடக்கோடியில் தொடங்கி வெள்ளையும் கறுப்புமாக ஒவ்வொரு கட்டையையும் மிக மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தும்போது ஒலிக்காத கட்டை, விட்ட பிறகு தாமதித்து எழும் கட்டை, பக்கவாட்டில் ஆடும் கட்டை எல்லாம் அப்போது வெளிப்படும். இவற்றில் பல சின்னப் பழுதுகள். விலையைக் குறைத்துப் பேச உதவும். மும்மூன்று கம்பி உள்ள சுரங்களில் ஒன்று மட்டும் விலகி அலையலையாக ஒலித்தால், அருகிலுள்ளவை சரியாக இருக்கும்போது, அந்தப் பிருடை தளர்ந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். கருவி முழுவதும் ஒரே அளவில் சற்றே தாழ்ந்திருந்தால் நெடுநாள் சுருதி சேர்க்கவில்லை என்று மட்டும் பொருள். அரைச்சுரத்துக்கும் மேல் தாழ்ந்திருந்தால், ஏற்றும்போது கம்பி அறுபடும் அபாயம் உண்டு. அடிச்சுரங்கள் நாதமில்லாமல் 'தொப்' என்று விழுந்தால் கம்பிகளை மாற்ற வேண்டிவரும். செம்புச் சுற்றுக் கம்பிகளை அந்தக் கருவிக்கென்றே சுற்றி வாங்க வேண்டும் என்பதால் செலவு அதிகம்.

பழுதுபார்த்த பியானோ என்று விற்கப்படுவதில் இரு வகை உண்டு. வெளியே பாலிஷ் ஏற்றி உள்ளே தூசி மட்டும் தட்டியது ஒன்று. சுத்தி, கட்டைக்கடி ஃபெல்ட், பொறியின் பட்டைகள் ஆகியவற்றை மாற்றிச் சீரமைத்தது மற்றொன்று. மாற்றிய உறுப்புகளின் பட்டியலை எழுத்தில் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். மங்கிய பாலிஷும் நலமான உள்ளுறுப்பும் கொண்ட கருவிதான் உண்மையான லாபம். எல்லாரும் பளபளப்புக்கு விலை கொடுக்கும் சந்தையில் அதைக் கேட்பார் குறைவு. இடம் மாறிப் போகிறவர்கள், கருவியைப் புதுப்பிக்கும் இசைப்பள்ளிகள், தேவாலயங்கள் ஆகியோரிடம் நேரடியாக வாங்கினால் விலை இன்னும் இறங்கும். கடையில் வாங்கினால் உத்தரவாதமும், வீட்டுக்கு வந்த பின் முதல் சுருதியும் விலைக்குள் அடங்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பிறகு அதன் ஆயுளைத் தீர்மானிப்பது அறை. பியானோவுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் உகந்தது. நம் கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும், நடுச்சுரங்கள் ஏறிப்போகும், கட்டைகள் அழுத்தியபடி ஒட்டிக்கொள்ளும். வெயில் நேரடியாக விழும் சன்னலோரமும், சமையலறை ஆவி வரும் இடமும், மழைநீர் இறங்கும் வெளிச்சுவரும் ஆகாது. இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் அணைக்கும் அறை இன்னும் கெடுதல், மரம் தினமும் சுருங்கி விரியும். ஈரநாடுகளில் பியானோவின் அடிப்பலகைக்குள் குறைந்த வாட் சூட்டுக்கம்பி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது உள்காற்றைச் சற்றே சூடாக்கி ஈரத்தைக் குறைக்கும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சொற்பம். செய்யாமல் விட்டால் வரும் இழப்பு பெரிது.

இவ்வளவுக்கும் இடமோ பணமோ ஊரில் ட்யூனரோ இல்லாத குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு டிஜிட்டல் பியானோ நேர்மையான விடை. கெட்டுப்போன மரப்பியானோவைவிட நல்ல டிஜிட்டல் பியானோ எந்நாளும் மேல். ஆனால் அதையும் கீபோர்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. 61 கட்டைகளும் வில்கட்டையும் உள்ள கீபோர்டுகள் மெல்லிசைக்கும் பாட்டுக்குத் துணை வாசிக்கவும் ஏற்றவை. பியானோ கற்க 88 கட்டைகள் வேண்டும்; அவை எடையுள்ளவையாகவும், அடிச்சுரத்தில் கனத்து மேலே போகப்போக இலேசாகுபவையாகவும் இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்ற எண்ணிக்கை 64 என்றால் தொடக்கநிலைக்குப் போதும். பெடலை அழுத்திப் பெரிய உருப்படிகளை வாசிக்க 128க்கு மேல் நல்லது. ரோலண்ட் எஃப்பி-30எக்ஸில் இது 256, கவாய் இஎஸ்120இல் 192, யமஹா பி-145இல் 64. விளம்பரங்கள் முன்னிறுத்தும் நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகளும் தாளங்களும் கற்பவருக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தைக் கட்டைகளின் தரத்துக்குக் கொடுப்பதே முறை. காதுக்கருவி மாட்டி நள்ளிரவிலும் வாசிக்கலாம் என்பது அடுக்குமாடி வாழ்க்கையில் பெரிய வரம். பத்துப் பதினைந்து ஆண்டில் மின்னணு உறுப்புகள் கிடைக்காமல் போகும் என்பதும், மறுவிற்பனையில் மதிப்பு வேகமாக இறங்கும் என்பதும் இதன் பாதகங்கள். இசைத் தேர்வு எழுதும் மாணவர், தேர்வை நடத்தும் வாரியத்தின் நடப்பு விதி எந்தக் கருவியை ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுருதி நில்லாத, கட்டை ஒட்டும் பியானோவில் தொடங்கும் குழந்தைக்குக் காது தவறாகப் பழகும், விரல் சலிக்கும். சில மாதங்களில் குழந்தை விலகிவிட, அதற்கு இசை வரவில்லை என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. கருவியின் குற்றத்துக்குக் குழந்தை பழி சுமப்பது பெரிய அநியாயம். ஒரு ட்யூனரை அழைத்துப்போய்க் கருவியைத் திறந்து காட்ட ஆகும் கட்டணம் அதன் விலையில் மிகச் சிறிய பங்கு. அவர் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. பிருடைகளில் சாவியைப் போட்டுப் பார்த்து அவர் சரி என்று சொல்லும்வரை, எந்தப் பியானோவுக்கும் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.